புதிய பதிப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்ப்பது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆகிய ஊர்களில் விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கும் நாங்கள் நான்கு பேர், தமிழில் பெயரிட்ட பிளாக்குகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தி நிரல் அமைக்கும் மென்பொருள் ஒன்றைச் சிறிது சிறிதாகச் செய்துவருகிறோம். அதில் பெரிய மாற்றம் எதைச் செய்தாலும், முழுமையாக வெளியிடுவதற்கு முன் முன்மாதிரி நிலையிலேயே பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

முதல்முறை அதை நான் தவறாகச் செய்தேன். ஒரு மணி நேரம் அவர்கள் போக்கில் விட்டுவிட்டு, இறுதியில் வட்டமாக உட்காரவைத்து, "புதுசு நல்லாருக்கா?" என்று கேட்டேன். "நல்லாருக்கு அக்கா" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த வாரம் போனபோது அவர்களில் பாதிப் பேர் பழைய பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கொண்டுவந்த பண்டத்தை நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது என வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். மேலும், புதிதாகக் கற்பவர் எதிலாவது தடுக்கினால் குறை தன்னிடம்தான் என்று எண்ணுவாரே தவிர, மென்பொருளில் என்று எண்ணமாட்டார். ஆகவே கருத்துக் கேட்பதற்கு முன் கையைக் கவனிக்க வேண்டும் என்பதை அடிப்படையாக வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

மாறியவற்றை முதலில் எழுதுங்கள்

அமர்வுக்கு முந்தைய நாள், பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை ஏன் மாற்றினீர்கள் என்பதையும், பழையதைப் பழகியவர் அதை உணர்வாரா, புதிதாக வருபவர் உணர்வாரா என்பதையும் குறியுங்கள். காரணம் எழுத முடியாத மாற்றம் ஏதாவது இருந்தால், அதைப் பிள்ளைகள் முன் வைப்பதற்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது.

இந்தத் தாள் ஏன் தேவை என்பதற்கு, எங்களுடையதைப் போலவே பிளாக்குகளைப் பொருத்திப் பிள்ளைகள் நிரல் அமைக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருளின் வரலாறே போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் பொதுவெளிக்கு வந்த ஸ்க்ராட்ச், 1.4 பதிப்புவரை உருவங்கள் அசையும் மேடையைத் திரையின் வலப்புறத்தில் வைத்திருந்தது. 2013 மே மாதம் வந்த 2.0 அதை இடப்புறத்துக்கு நகர்த்தியது. 2018 ஆகஸ்ட் 1இல் சோதனைப் பதிப்பாகவும் 2019 ஜனவரி 2இல் முழுமையாகவும் வெளியான 3.0 அதை மீண்டும் வலப்புறத்துக்கே கொண்டுவந்தது. அதே பதிப்பில், முன்பு பிளாக் வகைகளின் பட்டியலிலேயே இருந்த பேனா, அதாவது மேடையில் கோடு வரையும் பிளாக்குகளின் வகை, கீழ் மூலையில் கூடுதல் வசதிகளைச் சேர்ப்பதற்கென உள்ள நீட்டிப்புப் பொத்தானுக்குள் போய்விட்டது. 3.0இல் முதன்முறையாக அமர்பவருக்கு மேடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அன்று. ஐந்து ஆண்டுகள் 2.0ஐப் பழகியவருக்கோ கண் போகும் இடமெல்லாம் தவறாகத் தெரியும். பேனாவின் கதை வேறு. அது இருக்கிறது என்பதே தெரியாதவர் நீட்டிப்புப் பொத்தானை ஏன் அழுத்தப் போகிறார்? முன்னது பழையவரை மட்டும் தொடும் மாற்றம். பின்னது இருவரையும் தொடும் மாற்றம். 2.0, இணைய உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்டப் பயன்பட்ட பிளாஷ் தொழில்நுட்பத்தில் ஓடியது. 2020 இறுதியோடு பிளாஷை நிறுத்திவிடப்போவதாக அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2017இலேயே அறிவித்திருந்தது. டேப்லெட்டுகளிலும் ஸ்க்ராட்ச் ஓட வேண்டியிருந்தது. எனவே பதிப்பை மாற்றாமல் இருக்க வழியில்லை. ஆனால், மாற்றத்துக்குக் காரணம் இருந்தாலும் மாற்றத்தின் வலி குறைந்துவிடுவதில்லை. அந்த இரண்டையும் தாளில் தனித்தனியாக எழுதுவதற்குத்தான் பழகச் சொல்கிறேன்.

யாரை அழைப்பது, எத்தனை பேர்

பழைய பதிப்பை நன்கு அறிந்தவர்கள் ஐந்து பேர், எந்தப் பதிப்பையும் தொட்டிராதவர்கள் ஐந்து பேர் போதும். ஐந்து என்ற எண்ணை நான் இட்டுக்கட்டவில்லை. மென்பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு பயனர் சராசரியாக மொத்தக் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிப்படுத்துகிறார். ஐந்து பேரைப் பார்த்தால் ஏறத்தாழ 85 விழுக்காடு தெரிந்துவிடும். அதன்பின் வருபவர்கள் பெரும்பாலும் முன்பு கண்டதையே காட்டுவார்கள். அது சராசரிதான் என்பதையும், ஒரே தன்மையுள்ள பயனர்களுக்கே அது பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் பழையவர்களையும் புதியவர்களையும் ஒரே கூட்டமாகக் கலக்காமல் தனித்தனி ஐந்தாக எண்ணச் சொல்கிறேன். வகுப்பில் முந்திக்கொண்டு கை தூக்கும் பிள்ளைகளை மட்டும் அழைத்துவராதீர்கள். கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளைதான் உங்கள் மென்பொருளின் குறைகளை அதிகம் சந்தித்திருக்கும்.

பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். முகத்தைப் படம்பிடிக்கத் தேவையே இல்லை. திரையை மட்டும் பதிவு செய்தால் போதும். குறிப்பேட்டில் பெயர் வேண்டாம், எண் இடுங்கள்.

நாளும் இடமும்

எங்கள் கடற்கரையில் நாள் பார்ப்பது சிறிய வேலை அன்று. தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலையைத் தேவாலயத்துக்கு விட்டுவிட வேண்டும். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் வெள்ளி நண்பகலைத் தொழுகைக்கு விட்டுவிட வேண்டும். படகு கரைக்கு வரும் வேளையில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கும் கையில் வேலை இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கோடை விடுமுறையோடு சேர்ந்து வருவதால், பிள்ளைகளுக்கு நேரம் கிடைக்கும் காலம் அதுதான். ஆனால் விசைப்படகுத் தொழிலை நம்பிய வீடுகளில் அது வருமானம் இல்லாத காலம் என்பதையும் நினைவில் வைத்து, பேருந்துக் கட்டணமோ இணையக் கட்டணமோ எந்த வீட்டின் தலையிலும் விழாதபடி ஏற்பாடு செய்யுங்கள்.

பிள்ளைகள் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலேயே சோதியுங்கள். உங்கள் புதிய மடிக்கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடும் மென்பொருள், அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் எப்படி ஓடுகிறது என்பதே கேள்வி. கண்ணாடி கீறிய கைப்பேசியில், வியர்வையில் நனைந்த விரலால் சிறிய பிளாக் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வடிவமைப்பாளரின் மேசையில் ஒருபோதும் தெரியாத குறை அங்கே அரை நிமிடத்தில் தெரியும். கடலைப் பார்த்த வாசல் திறந்திருந்தால் திரையில் ஒளி அடிக்கும் என்பதால், வாசலுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் மேசையைப் போடுங்கள். நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். இணையம் வரும் என்று நம்பிப் போக வேண்டாம்.

செய்யச் சொல்லும் வேலை

"புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பிள்ளைகள் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு வியப்பார்கள். நிரல் எழுதும்போது வரும் தடை அதில் வெளிப்படாது. அவர்களுக்கு முடித்தே தீர வேண்டும் என்று தோன்றும் ஒரு வேலையைக் கொடுங்கள், அந்த வேலை நீங்கள் மாற்றிய பகுதிகளின் வழியாகச் செல்லும்படி அமையுங்கள்.

நாங்கள் கொடுப்பது பாம்பன் ரயில் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே விரியும்படி அமைந்திருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். இந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தாளில் நாங்கள் எழுதித் தருவது இவ்வளவுதான்: படகு பாலத்துக்கு அருகில் வந்தால் நடுத்துண்டு மேலே எழ வேண்டும், படகு கடந்தபின் இறங்க வேண்டும், காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயில் நிற்க வேண்டும். கடைசி விதி, பழைய பாலத்தில் காற்றுமானியோடு சிக்னலை இணைத்து உண்மையிலேயே வைத்திருந்த ஏற்பாடு. அசைவு, நிபந்தனை, திரும்பத் திரும்ப நிகழ்வது, மதிப்பை நினைவில் வைக்கும் மாறி ஆகிய நான்கும் இந்த மூன்று வாக்கியங்களுக்குள் வந்துவிடுகின்றன.

தாளில் எந்த பிளாக்கின் பெயரும் இடம்பெறக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். "என்றால்" என்ற பிளாக்கை நீங்கள் சோதிக்கும்போது, "என்றால் பிளாக்கைப் பயன்படுத்து" என்று எழுதிவிட்டால், பிள்ளை அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடிக்கும். அதன் பொருள் புரிந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

அருகில் அமர்ந்து பார்ப்பது

மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்யவைக்கும் முறையை, ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் மென்பொருள் சோதனைக்கு வகுத்துக் கொடுத்தார். பெரியவர்களிடம் அது நன்றாக நடக்கிறது. எங்கள் பிள்ளைகளிடம் தனியாக அமர்த்தி அதைச் செய்யச் சொன்னபோது, அறிமுகமில்லாத பெரியவருக்கு முன் வாய் திறக்கத் தயங்கி, இரண்டு நிமிடத்தில் அமைதியாகிவிட்டார்கள். ஆகவே இருவரை ஒரே கணினியின் முன் அமர்த்துகிறோம். "ஏய், அதில்லை, கீழ உள்ளதை எடு", "அது முன்னாடி இங்கனதானே இருந்துச்சு" என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது, நான் கேட்டுப் பெறக்கூடிய எந்த விடையையும்விட மதிப்புள்ளது. உறவினரோ நண்பரோ ஆன இருவராக இருக்கட்டும். ஒருவர் மட்டுமே மவுஸைப் பிடித்துக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றச் சொல்லுங்கள்.

நீங்கள் எதிரே அமராமல், சற்றுப் பின்னால் பக்கவாட்டில் அமருங்கள். "உங்களைச் சோதிக்க வரவில்லை, நாங்கள் செய்த பொருளைச் சோதிக்க வந்திருக்கிறோம், எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அங்கே நாங்கள் திருத்த வேண்டும்" என்று தொடக்கத்தில் சொல்லுங்கள், இடையிலும் ஒருமுறை சொல்லுங்கள். மவுஸைத் தொடாதீர்கள். பிள்ளை தேடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொத்தானை நோக்கி உங்கள் கண்கூடப் போகக் கூடாது. அவர்கள் உங்கள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதவி கேட்டால், மனத்துக்குள் பத்துவரை எண்ணிவிட்டு, "நீ எங்கே இருக்கும்னு நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாம் முறை கேட்டால் எந்தப் பகுதி என்று மட்டும் சொல்லுங்கள். மூன்றாம் முறை காட்டிக்கொடுத்துவிடுங்கள், ஆனால் அந்த இடத்தைக் குறிப்பேட்டில் அடிக்கோடிடுங்கள். கண்ணில் நீர் வரும்வரை ஒரு பிள்ளையைக் காக்கவைத்து அறிய வேண்டிய குறை எந்த மென்பொருளிலும் இல்லை.

குறிப்பு எழுதும்போது தீர்ப்பை எழுதாமல் நிகழ்ச்சியை எழுதுங்கள். "குழம்பிவிட்டாள்" என்ற குறிப்பு ஒரு வாரம் கழித்து எதற்கும் உதவாது. "பாலத்தை உயர்த்த அசைவு வகையைத் திறந்தாள், மூடினாள், தோற்றம் வகையைத் திறந்தாள், மீண்டும் அசைவுக்கு வந்தாள், 50 வினாடி" என்ற குறிப்பு பதிப்பைத் திருத்தும். பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள், உங்கள் சொல்லுக்கு மாற்றாதீர்கள்.

இந்தக் கடைசி விதியால்தான் எங்கள் பதிப்பின் மிகப் பெரிய குறையைக் கண்டுபிடித்தோம். உருவத்தைச் சுழற்றும் பிளாக்குக்குத் "திரும்பு 15 பாகை" என்றும், ஒரு செயலை மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் பிளாக்குக்குத் "திரும்பச் செய் 10 முறை" என்றும் புதிய பதிப்பில் பெயர் வைத்திருந்தோம். இரண்டும் நல்ல தமிழ்தான். தனித்தனியே படித்தால் ஐயம் வராது. ஆனால் பட்டியலில் வேகமாகக் கண் ஓடும்போது முதல் சொல் மட்டுமே பதிகிறது. படகைத் திருப்ப விரும்பிய சிறுவன் "திரும்பச் செய்" பிளாக்கை இழுத்து வைத்தான், படகு அசையவில்லை என்றதும், "அக்கா, நான் ஏதோ கெடுத்துட்டேன் போல" என்றான். புதியவர்கள் ஐந்து பேரில் மூவர் அதே இடத்தில் சறுக்கினார்கள். இப்போது அந்த பிளாக்கின் பெயர் "10 முறை செய்". எண் முன்னே வருவதால் தமிழின் சொல் வரிசைக்கும் அது பொருந்துகிறது. அதே காரணத்துக்காக நிபந்தனை பிளாக்கிலும் இடைவெளியை முன்னே வைத்து, "என்றால்" என்பதைப் பின்னே வைத்துவிட்டோம். ஆங்கில பிளாக்கின் வரிசையை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்பினால் இந்தப் பிழைதான் நேரும். திசைச் சொற்களிலும் கவனம் வேண்டும். கீழக்கரையின் பெயரிலேயே இருப்பதுபோல, "கீழ்" என்பது நம் பேச்சில் கிழக்கும் ஆகும். பிள்ளைகளோடு பெரியவர்களும் அமரும் அமர்வில் மேல், கீழ் என்ற சொற்களுக்கு அருகே அம்புக்குறியும் இடுங்கள்.

எதிர்வினைகளைப் பிரிப்பது

அமர்வு முடிந்த அன்றே, நினைவு மங்குவதற்கு முன், குறிப்புகளை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் பழுது. முன்பு சேமித்த நிரல் திறக்கவில்லை, திறந்தாலும் வேறு மாதிரி ஓடுகிறது, பிளாக் தானாகக் கழன்று விழுகிறது போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்குக் கருத்துக் கணிப்பு தேவையில்லை. ஒரே ஒருவருக்கு நடந்திருந்தாலும் முதலில் திருத்த வேண்டியவை. என்ன செய்தபோது நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள், என்ன நடந்தது, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு எண் என்ற ஐந்தையும் எழுதாத பழுதுக் குறிப்பை வைத்துக்கொண்டு நிரலாளரால் எதுவும் செய்ய இயலாது.

இரண்டாவது பழக்கம். இடம் மாறிய பொத்தான், நிறம் மாறிய வகை ஆகியவற்றால் பழையவர்கள் படும் எரிச்சல் இங்கே சேரும். மூன்றாவது பொருள், அதாவது திரையில் உள்ள சொல்லோ படமோ தவறான எண்ணத்தைத் தருவது. இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் முழு வேலையிலும் கடினமானது, ஏனெனில் இரண்டும் ஒரே முகச்சுளிப்பாகத்தான் வெளியே தெரியும். நான் நம்பும் சோதனை இது: அதே இடத்தில் புதியவர்களும் தடுக்கினார்களா என்று பாருங்கள். தடுக்கினார்கள் என்றால் குறை பொருளில் இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும். பழையவர்கள் மட்டும் தடுக்கி, அமர்வின் பிற்பகுதியில் அதே இடத்தைத் தயக்கமின்றிக் கடந்தார்கள் என்றால் அது பழக்கம். சில நாள் பொறுத்திருக்கலாம். பழையவர்கள் இறுதிவரை தடுக்கிக்கொண்டே இருந்தார்கள் என்றால், பழக்கம் என்று ஒதுக்கிவிடாமல், உங்கள் மாற்றத்துக்கு நீங்கள் தாளில் எழுதிய காரணத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். அந்தக் காரணம் அவர்கள் படும் தொல்லையைவிடப் பெரியதா?

"பழைய மாதிரியே வேணும்" என்று ஒரு பிள்ளை துணிந்து சொன்னால், அதை விண்ணப்பமாக எடுத்துக்கொண்டு உடனே நிறைவேற்றவும் வேண்டாம், அறியாமை என்று தள்ளவும் வேண்டாம். "அப்போ நீ என்ன செய்யப் போனே?" என்று கேளுங்கள். எங்களிடம் அப்படிச் சொன்ன ஒரு சிறுமி உண்மையில் விரும்பியது பழைய தோற்றத்தை அன்று. நிரலை நகல் எடுக்கும் வசதி புதிய பதிப்பில் வலச்சொடுக்கின் (மவுஸின் வலப் பொத்தானை அழுத்துவதன்) உள்ளே மறைந்துவிட்டதால், தங்கையின் கைப்பேசியில் வலச்சொடுக்குச் செய்ய வழியின்றித் தவித்திருக்கிறாள். தோற்றத்தை மீட்டிருந்தால் அவள் சிக்கல் தீர்ந்திருக்காது.

கருத்துக் கேட்பதை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. அமர்வின் முடிவில், இருவரிடமும் தனித்தனியாக, "உன் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கணும்னா எந்த இடத்தில் அவனுக்குக் கஷ்டமா இருக்கும்?" என்று கேளுங்கள். தனக்குக் கடினம் என்று சொல்லக் கூசும் பிள்ளை, தம்பியின் பெயரால் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இரண்டாம் சுற்று

திருத்திய பதிப்போடு இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்குள் திரும்பிச் செல்லுங்கள். அதே பிள்ளைகளில் சிலரும், இதுவரை பார்க்காத புதியவர் சிலரும் இருக்கட்டும். யார் சொன்னதால் எது மாறியது என்பதை அவர்களிடமே காட்டுங்கள்; மாற்ற முடியாததற்குக் காரணத்தையும் சொல்லுங்கள். "10 முறை செய்" பிளாக்கைப் பார்த்த அந்தச் சிறுவன், தன் தவறு என்று எண்ணியது எங்கள் தவறு என்று அறிந்தபின், அந்த ஒரே பிற்பகலில் மேலும் நான்கு குறைகளைத் தானாகவே எடுத்துச் சொன்னான்.

பழைய பதிப்பின் நிறுவல் கோப்பையும் அதே பென்டிரைவில் வைத்திருங்கள். பாதி முடித்த நிரல் ஒன்றைப் பழைய பதிப்பில் வைத்திருக்கும் பிள்ளை அதை முடிக்கும்வரை, அந்தக் கணினியிலிருந்து பழையதை நீக்க வேண்டாம்.